சட்டத்தைச் சுமப்போரின் உரிமை

2023 டிசம்பரில் நடந்த குளிர்காலக் கூட்டத்தொடரில் நாடாளுமன்றத்தின் இரு அவைகளிலுமாக எதிர்க்கட்சி உறுப்பினர் 146 பேர் இடைநீக்கம் செய்யப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் அவைக்கு வெளியே நின்ற வேளையில், இந்தியத் தண்டனைச் சட்டம், குற்றவியல் நடைமுறைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகிய மூன்றுக்கும் மாற்றான சட்ட முன்வடிவுகள் நிறைவேற்றப்பட்டன. அம்முன்வடிவுகளை நிலைக்குழு ஒன்று முன்னரே ஆராய்ந்திருந்தது உண்மைதான். ஆயினும் கைது, காவல், தண்டனை ஆகியவற்றின் வழியே ஒவ்வொரு குடிமகனையும் தொடப்போகும் விதிகள் இறுதி வடிவம் பெற்றபோது, ஏறத்தாழ நூறு மக்களவைத் தொகுதிகளின் மக்களுக்காகப் பேச அவையில் எவரும் இருக்கவில்லை. இந்நிகழ்வு ஒரு கட்சியின் குறையாகவோ ஓர் ஆட்சியின் குறையாகவோ ஒதுக்கிவிடத்தக்கது அன்று. சட்டத்தைச் சுமக்கப்போகும் மக்களுக்கு அதை ஆக்குவதில் நேரடிப் பங்கு உண்டா, அல்லது ஐந்தாண்டுக்கு ஒருமுறை வாக்களிப்பதோடு அவர்கள் கடமையும் உரிமையும் முடிந்துவிடுகின்றனவா என்னும் அறக்கேள்வியை அது எழுப்புகிறது.

இக்கேள்விக்கு அறம் தரும் விடை தெளிவானது. சட்டம் என்பது மீறினால் தண்டிக்கும் வலிமையோடு பிறக்கும் ஆணை. தன்மேல் பாயப்போகும் ஆணையைப் பற்றி அது பிறக்கும் முன்பே பேசும் உரிமை ஒவ்வொரு மனிதருக்கும் உண்டு. அவ்வுரிமையை ஆள்வோர் மனமிரங்கி அளிக்கும் சலுகையாகக் கருதுவது பிழை. மறுக்கப்பட்டால் சட்டத்தின் நேர்மையே குறைவுபடும் அளவுக்கு அது அடிப்படையானது.

தமிழ் மரபு இவ்வுண்மையைப் பல குரல்களில் வலியுறுத்தி வந்துள்ளது. காட்சிக்கு எளியனாய் இராமலும் முறையிடுவோர் சொல்லை ஆராயாமலும் ஆளும் மன்னன் பகைவர் எவருமின்றித் தானே கெடுவான் என்பது செங்கோன்மை அதிகாரத்தில் வள்ளுவர் விடுக்கும் எச்சரிக்கை. செவிக்குக் கசக்கும் சொல்லையும் பொறுக்கும் பண்புடைய வேந்தனின் குடைக்கீழ்தான் உலகம் தங்கும் என்று இறைமாட்சியில் கூறும் அவர், ஒரு பொருளை எவர் வாயிலாகக் கேட்டாலும் அதன் மெய்மையைக் காண்பதே அறிவு என்று அறிவுடைமையில் வரையறுக்கிறார். சொல்பவர் அமைச்சரா, உழவரா என்று பாராமல் சொல்லின் உண்மையை மட்டும் பார்க்கச் சொல்லும் அந்த வரையறைக்குள், சட்டம் ஆக்கும் அவையில் எளியவர் சொல்லுக்கும் இடமுண்டு என்னும் நீதி அடங்கியிருக்கிறது.

புறநானூற்றில் வெள்ளைக்குடி நாகனார் சோழன் கிள்ளிவளவன் முன் நின்று, வேந்தனின் போர்வெற்றியும் உழவரின் கலப்பை ஈன்ற பயனே என்று எடுத்துரைத்து, நிலவரிச் சுமையை நீக்கச் செய்தார். வரி என்னும் சட்டத்தை அதன் சுமை அறிந்த ஒருவரின் சொல் திருத்தியதற்கு இது பழமையான சான்று. வரம்பறியாது வரி கொள்ளும் அரசு தானும் பயன்பெறாது, நாட்டையும் கெடுக்கும் என்று பாண்டியன் அறிவுடைநம்பிக்கு உணர்த்தினார் பிசிராந்தையார். சிலப்பதிகாரத்துக் கண்ணகி, உசாவாமல் பிறந்த தீர்ப்பை அரசவைக்கே வந்து தனியொருத்தியாய் எதிர்த்தாள். அத்தீர்ப்பை அளித்த பாண்டிய மன்னன் பிழையை உணர்ந்து உயிர் துறந்தான். சங்கப் புலவர் மோசிகீரனார் உலகுக்கு மன்னனே உயிர் என்று பாடியிருக்க, பல நூற்றாண்டுகள் கழித்து வந்த கம்பர் அம்முறையை மாற்றி, உயிர்கள் எல்லாம் உறைவதற்குரிய உடம்பாகத் தயரதனைக் கண்டார். உயிர் மக்களே என்றால், உடம்பு எத்திசையில் நடக்க வேண்டும் என்பதை முடிவு செய்வதில் உயிருக்குப் பங்கில்லை என்று எவ்வாறு கூற இயலும்?

கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலும் தம் 'அரசியல்' நூலில், தனித்தனியே சிறந்தவர் அல்லாத பலர் ஒன்றுகூடி ஆராயும்போது, சிறந்த சிலரைவிட நல்ல முடிவுக்கு வரக்கூடும் என்று வாதிட்டார். 1762இல் வெளிவந்த 'சமுதாய ஒப்பந்தம்' நூலில் சிந்தனையாளர் ரூசோ, ஆங்கிலேய மக்கள் தேர்தல் நாளில் மட்டுமே விடுதலை உடையவர்கள் என்றும், உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கப்பட்ட பிறகு மீண்டும் அடிமைகள் ஆகிவிடுகிறார்கள் என்றும் இடித்துரைத்தார். காலத்தாலும் மொழியாலும் வேறுபட்ட இச்சான்றோர் ஒருமுகமாய்ச் சுட்டுவது, ஆளப்படுவோரின் அறிவும் இசைவும் இன்றி நல்லாட்சி அமையாது என்பதையே.

மக்கள் பிரதிநிதிகள் இருக்கும்போது மக்களிடம் தனியே கேட்பது எதற்கு என்போர், அப்பிரதிநிதிகளின் இன்றைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். 1985ஆம் ஆண்டின் 52ஆவது அரசியலமைப்புத் திருத்தத்தால் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டம், கட்சிக் கொறடாவின் கட்டளையை மீறி வாக்களிக்கும் உறுப்பினரின் பதவியையே பறிக்க வழிசெய்கிறது. பதவிக்கு விலைபேசும் இழிவைத் தடுக்க வந்த அச்சட்டம், தொகுதி மக்களின் கருத்துக்கும் தம் மனச்சான்றுக்கும் ஏற்ப வாக்களிக்கும் உரிமையையும் சேர்த்தே முடக்கிவிட்டது. முன்வடிவுகளை வரிக்கு வரி ஆராய்ந்து, துறை அறிந்தோரையும் பாதிக்கப்படுவோரையும் அழைத்துக் கேட்பவை நாடாளுமன்றக் குழுக்கள். 15ஆவது மக்களவைக் காலத்தில் 71 விழுக்காடு முன்வடிவுகள் அக்குழுக்களுக்கு அனுப்பப்பட்டன. 17ஆவது மக்களவைக் காலத்தில் அது 16 விழுக்காடாகச் சுருங்கியது. மக்களின் குரல் நுழைவதற்கு இருந்த சிறு வாயிலும் இவ்வாறு அடைபட்டு வருகிறது.

அடைபட்ட வாயிலின் விளைவை மூன்று வேளாண் சட்டங்கள் காட்டின. 2020 சூனில் அவசரச் சட்டங்களாக, அதாவது நாடாளுமன்றம் கூடாத காலத்தில் பிறப்பிக்கப்படும் தற்காலிக ஆணைகளாக, அவை வந்தன. செப்டம்பரில் எந்தக் குழுவின் ஆய்வுமின்றி நிறைவேறின. மாநிலங்களவையில் வாக்குகளை எண்ணக் கோரிய உறுப்பினர்களின் குரலையும் மீறிக் குரல் வாக்கெடுப்பே போதும் என்று முடிவு செய்யப்பட்டது. உழவர்கள் தில்லியின் எல்லைகளில் பனியிலும் வெயிலிலும் ஓராண்டுக்கு மேல் அமர்ந்திருந்த பின், 2021 நவம்பர் 29 அன்று அச்சட்டங்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்தத் திரும்பப் பெறுதலும் விவாதமின்றியே நடந்தது. முன்கூட்டிக் கேட்டிருந்தால் சில மாதங்களில் தெளிந்திருக்கக்கூடிய ஒன்றை, கேளாமையால் நாடு பெருந்துயரத்தின் வழியாகக் கற்க நேர்ந்தது. தமிழ்நாடும் இப்பழிக்கு விலக்கன்று. தொழிலாளரின் அன்றாட வேலை நேரத்தை 12 மணி வரை நீட்டிக்க இடந்தரும் தொழிற்சாலைகள் திருத்த முன்வடிவு 2023 ஏப்ரல் 21 அன்று சட்டப்பேரவையில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் கடும் எதிர்ப்பால் மே நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது. தொழிலாளரிடம் முதலில் கேட்பதே முறையாக இருந்திருக்கும்.

எளிய மக்களுக்குச் சட்ட நுணுக்கம் புரியாது என்னும் கூற்றை வரலாறு பொய்யாக்கியிருக்கிறது. இராசத்தானத்தின் சிற்றூர்களில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் என்னும் உழைப்பாளர் அமைப்பு 1994 முதல் நடத்திய மக்கள் விசாரணைகளில், வேலை செய்யாதவர் பெயரில் கூலி எழுதப்பட்ட கணக்குகளை ஊரார் முன் படித்துக் காட்டி, எழுத்தறியாத தொழிலாளரே ஊழலை அம்பலப்படுத்தினர். அவர்கள் எழுப்பிய கணக்குக் கேட்கும் கோரிக்கையே வளர்ந்து 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமாயிற்று. ஒடிசாவின் நியமகிரி மலையில் பாக்சைட்டு தோண்டும் திட்டத்தைப் பற்றி முடிவு செய்யக் கிராம சபைகளைக் கூட்டுமாறு 2013இல் உச்ச நீதிமன்றம் பணித்தபோது, டோங்ரியா கோந்து பழங்குடியினர் உள்ளிட்டோர் வாழும் 12 ஊர்களின் சபைகளும் தம் மலையை விட்டுத்தர மறுத்தன. காட்டின் மதிப்பையும் நீரூற்றின் மதிப்பையும் அவர்களைவிடத் தெளிவாக எந்த வல்லுநர் குழுவும் அறிந்திருக்கவில்லை.

மறுதரப்பில் ஒரு நியாயம் உண்டு என்பதை ஒப்புக்கொள்ளவே வேண்டும். 1774இல் பிரித்தானிய அரசியல் சிந்தனையாளர் எட்மண்டு பர்க், பிரதிநிதி தம் அறிவின் துணிபை மக்களின் கருத்துக்குப் பலியிடலாகாது என்றார். நேரடி மக்களாட்சிக்குப் பெயர்பெற்ற சுவிட்சர்லாந்தில், வாக்குரிமை பெற்றிருந்த ஆண்கள் 1959இல் பெண்களுக்கு அதை மறுத்து, 1971இல்தான் இசைந்தனர். 2009இல் பள்ளிவாசல் கோபுரங்களுக்கு அங்கே பொதுவாக்கெடுப்பு தடை விதித்தது. பெரும்பான்மையின் கை சிறுபான்மையின் கழுத்தில் விழக்கூடும் என்னும் அச்சம் வீணன்று. ஆனால் அந்த அச்சம் மக்களின் பங்கேற்புக்கு வரம்பு கட்டச் சொல்கிறதேயன்றி, அதை ஒழிக்கச் சொல்லவில்லை. அடிப்படை உரிமைகளை எந்த வாக்கெடுப்பும் தீண்டலாகாது என்று வரம்பிட்டால் அக்குறை நீங்கும். மேலும், பெரும்பான்மையின் தவறு அவையில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் நேரக்கூடியதே.

வழி புதிதாகத் தேடப்பட வேண்டியதில்லை. ஒவ்வொரு முன்வடிவையும் எளிய விளக்கக் குறிப்போடு குறைந்தது 30 நாள் மக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும் என்று ஒன்றிய அரசே 2014இல் ஒரு கொள்கை வகுத்தது. அது கொள்கையாகவே நின்று, மீறினால் கேட்பாரற்றுக் கிடக்கிறது. அதற்குச் சட்ட வலிமை தரப்பட வேண்டும். முன்வடிவு மக்கள் மொழியில் வெளிவர வேண்டும். 2020இல் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு வரைவை அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணை மொழிகளில் பெயர்த்து வெளியிடத் தில்லி உயர்நீதிமன்றமே ஆணையிட நேர்ந்தது ஆட்சியாளர்க்கு அழகன்று. மக்கள் அனுப்பும் கருத்துகளுள் எவை ஏற்கப்பட்டன, எவை எதனால் மறுக்கப்பட்டன என்று அரசு எழுத்தில் விடை தர வேண்டும். விடை தராமல் கேட்பது கேளாமையினும் கொடிய அவமதிப்பு. குறிப்பிட்ட எண்ணிக்கையினர் கையொப்பமிட்டு அளிக்கும் சட்டக் கோரிக்கையை அவை விவாதித்தே ஆக வேண்டும் என்னும் விதியும் வர வேண்டும்.

உரிமை கேட்போர்க்குக் கடமையும் உண்டு. ஆண்டு முழுதும் கிராம சபைக் கூட்டத்தை எட்டிப் பாராமல், வரைவைப் படிக்காமல், சட்டம் வந்து வாட்டிய பின் புலம்புவது குடிமைக்கு இழுக்கு. படிக்க இயன்றவர் படித்து, இயலாதவர்க்கு எடுத்துச் சொல்லி, சாதியும் கட்சியும் பாராமல் பொதுநலம் ஒன்றையே எண்ணிக் கருத்துரைப்பது ஒவ்வொருவர் தலையிலும் உள்ள கடன். ஆள்வோரும் ஒன்றை மறவாதிருக்க வேண்டும்: இடித்துரைக்கும் துணை இல்லாத அரசு கெடுப்பார் இல்லாமலே கெடும் என்று வள்ளுவர் கூறிய துணை, மக்களாட்சியில் மக்களே. அவர்களைக் கேட்டபின் சட்டம் செய்வதே அறம்.