நியாயமாக ஆடினால் சூது சூதாகாதா?

சூது ஹராம் என்பதை அறியாத முஸ்லிம் இல்லை. எனினும் படித்த நம் இளைஞர்கள் சிலரிடையே ஒரு வாதம் கிளம்பியிருக்கிறது. "நாங்கள் சூதாட்ட விடுதிக்குப் போவதில்லை, கடன் வாங்கி ஆடுவதுமில்லை. விடுமுறை இரவில் நண்பர்கள் பத்துப் பேர் ஒரு வீட்டில் கூடிப் போக்கர் சீட்டு ஆடுகிறோம். ஆளுக்கு 500 ரூபாய். அதற்கு மேல் எவரும் இழக்க முடியாது. எல்லோருக்கும் ஒரே அளவு வில்லைகள். சீட்டைக் கலைப்பதில் கள்ளமில்லை. மனமொப்பியே ஆடுகிறோம். இதில் யாருக்கு என்ன அநீதி?" என்று கேட்கிறார்கள்.

இக்கேள்வியை அதட்டி அடக்கிவிடுவது முறையன்று. வரம்பில்லாமல் ஆடி வீட்டை அடகு வைப்பதைவிட இது தீங்கு குறைந்தது என்பதும் உண்மையே. ஆனால் தீங்கு குறைந்ததெல்லாம் ஹலாலாகிவிடுமா? நிதானமாக ஆராய்வோம்.

முதலில் கணக்கைப் பாருங்கள். பத்துப் பேர் போட்ட பணம் 5,000 ரூபாய். முதலாமவருக்கு 2,500, இரண்டாமவருக்கு 1,500, மூன்றாமவருக்கு 1,000 என்று பங்கிட்டால், தாம் போட்டது போக இம்மூவரின் இலாபம் முறையே 2,000, 1,000, 500. ஆக 3,500 ரூபாய். மீதி ஏழு பேரின் நஷ்டமும் சரியாக அதே 3,500 ரூபாய்தான். அந்த இரவில் எந்தப் பொருளும் விளையவில்லை. எந்த ஊழியமும் நடக்கவில்லை. ஒருவர் பையிலிருந்து குறைந்ததே மற்றவர் பையில் ஏறியது. நண்பன் தோற்றாலன்றி நான் வெல்ல வழியில்லை என்ற ஏற்பாடு அது.

"மனம் ஒப்பித்தானே கொடுத்தார்கள்?" என்பார்கள். பிறர் பொருளைத் தவறான வழியில் உண்ணாதீர்கள், ஒருவருக்கொருவர் பொருந்திச் செய்யும் வியாபாரம் தவிர என்ற கருத்தில் ஸூரத்துன்னிஸாவின் 29ஆம் வசனம் அமைந்துள்ளது. பொருத்தம் வியாபாரத்திற்கு நிபந்தனை. ஆனால் பொருத்தம் மட்டுமே எதையும் ஹலாலாக்கிவிடாது. வட்டி கொடுப்பவனும் ஒப்பித்தான் கையெழுத்திடுகிறான். லஞ்சம் கொடுப்பவனும் ஒப்பித்தான் நீட்டுகிறான். மேலும், சூதில் உட்காருபவன் எதற்கு ஒப்புகிறான்? வெல்லலாம் என்ற ஆசைக்கு ஒப்புகிறானேயன்றி, தோற்பதற்கு மனதார ஒப்புவதில்லை. நண்பனுக்கு 500 ரூபாய் கொடுக்க அவன் விரும்பியிருந்தால் அன்பளிப்பாகவே கொடுத்திருப்பானன்றோ!

நண்பர்கள் கூடி, ஒழுங்கு வகுத்து ஆடும் சூது இன்று பிறந்ததன்று. அல்லாஹ் தஆலா தன் திருமறையில் 'மைஸிர்' என்று பெயர் சொல்லித் தடுத்ததே அத்தகைய ஒன்றைத்தான். அறியாமைக் கால அரபிகள் ஓர் ஒட்டகத்தை அறுத்துப் பங்கிட்டு, பத்து அம்புகளைப் பையிலிட்டு எடுப்பார்கள். ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு, மூன்றுக்கு எதுவுமில்லை. வெறும் அம்பு வந்தவர்கள் ஒட்டகத்தின் விலையைக் கொடுக்க வேண்டும். வென்றவர்களோ அந்த இறைச்சியைத் தாம் உண்ணாமல் ஏழைகளுக்கு வழங்குவதைப் பெருமையாகக் கருதினர் என்று தப்ஸீர் நூல்கள் கூறுகின்றன. விதி உண்டு, பொருத்தம் உண்டு, தோழமை உண்டு, தர்மமும் உண்டு! நம் இளைஞர்களின் ஆட்டத்தைவிட அது மேலானதாகவே தோன்றும். அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை ஸூரத்துல் பகராவின் 219ஆம் வசனமும் மறுக்கவில்லை. பயனைவிடப் பாவம் பெரிது என்றே தீர்ப்புக் கூறுகிறது. ஆகவே சூதில் நேர்மை இருக்கிறதா என்பதன்று கேள்வி. சூது, நேர்மையாக நடந்தாலும் சூதே.

"போக்கர் திறமை ஆட்டமாயிற்றே?" என்பது அடுத்த வாதம். 2023ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் அப்படிக் கருதித்தான், தமிழக அரசின் 2022ஆம் ஆண்டு ஆன்லைன் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் சூதென்று பட்டியலிட்ட பகுதியை நீக்கியது. 2025இல் மத்திய அரசு இயற்றிய சட்டமோ, பணம் கட்டி ஆடும் ஆன்லைன் ஆட்டங்களைத் திறமை, அதிர்ஷ்டம் என்று பிரிக்காமல் தடுத்துவிட்டது. நம் பிக்ஹு நூல்கள் இந்த இடத்தில் தெளிவானவை. திறமையே உருவான குதிரைப் பந்தயத்தில்கூட, ஓடும் இருவரும் பணயம் வைத்து வென்றவர் அள்ளிக்கொள்வது சூதாகும். ஒருவர் மட்டும் வைத்தாலோ, வெளியார் பரிசளித்தாலோ கூடும் என்று இமாம்கள் பிரித்துக் காட்டினர். அவர்கள் பார்த்தது திறமையை அன்று. பணம் எவ்வழியே கைமாறுகிறது என்பதை.

ஸூரத்துல் மாயிதாவின் 91ஆம் வசனம் சூதின் இரு கேடுகளைச் சொல்கிறது: பகைமையும் வெறுப்பும் மூட்டுவது, அல்லாஹ்வின் நினைவையும் தொழுகையையும் விட்டுத் தடுப்பது. போக்கர் ஆட்டத்தின் அமைப்பையே கவனியுங்கள். ஆட்டம் நீளாதிருக்க, குறித்த நேரத்துக்கொரு முறை கட்டாயப் பந்தயத்தை உயர்த்துவார்கள். இடையில் ஒருவர் எழுந்து போனாலும் அவருடைய வில்லைகளிலிருந்து அது எடுக்கப்பட்டுக்கொண்டே இருக்கும். தொழப் போனவருக்கு நஷ்டம். உட்கார்ந்தே இருப்பவருக்கு இலாபம்! அன்றியும், கையில் நல்ல சீட்டு இல்லாதபோது இருப்பதுபோல் நடித்து நண்பனை மிரட்டி விலகச் செய்வதே அவ்வாட்டத்தின் சாமர்த்தியம். தோழனின் முகத்தைப் பார்த்து அவன் பலவீனம் எங்கே என்று தேடப் பழகிய கண், ஆட்டம் முடிந்ததும் அப்பழக்கத்தை விட்டுவிடுமா?

"சிறு தொகைதானே" என்றும் எண்ண வேண்டாம். சூதாட வா என்று ஒருவனை வாயால் அழைத்தவரே ஸதகா கொடுக்கட்டும் என்று நபி (ஸல்) அவர்கள் பணித்ததாக புகாரி, முஸ்லிம் கிரந்தங்களில் வந்துள்ளது. அழைப்புக்கே பரிகாரம் என்றால் ஆட்டத்தின் நிலை என்ன?

அப்படியானால் செய்ய வேண்டியது என்ன? ஏற்கெனவே வென்ற பணம் இருந்தால் உரியவர்களிடமே திருப்பிக் கொடுங்கள். ஆட்களைத் தெரிந்திருக்கும்போது அதைத் தர்மம் செய்துவிட்டால் கடமை தீராது. பணமில்லாத ஆட்டத்திலும், ஊகத்தை நம்பியவற்றைத் தாயக்கட்டையோடும் சிந்தனையை நம்பியவற்றைச் சதுரங்கத்தோடும் சேர்த்து ஷாபிஈ இமாம்கள் சட்டம் சொல்லியுள்ளனர். ஆகவே சீட்டைத் தொடுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ஊரில் கிரிக்கெட், கபடிப் போட்டி நடத்துவோரும் நுழைவுக் கட்டணத்தை மைதானச் செலவுக்கு மட்டும் வைத்து, கோப்பையையும் பரிசையும் வெளியார் ஒருவர் வழங்கும்படி செய்யட்டும்.

பெற்றோர்களே! பிள்ளைகளின் தோழர்கள் நம் வீட்டில் கூடுவதைத் தடுக்காதீர்கள். ஆளுக்கு 500 ரூபாய் போட்டு நல்ல விருந்து சமைத்து ஒரே ஸஹனில் உண்ணட்டும். அங்கே ஒருவர் வயிறு நிறைய மற்றவர் பட்டினி கிடக்க வேண்டியதில்லை. நட்பைப் பணயம் வைக்காத மகிழ்ச்சியை நம் மக்களுக்கு அல்லாஹ் அருள்வானாக! ஆமீன்.