ஒரே வரிசை போதுமா?

சித்தன்னவாசல் அறிவர்கோயில் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. யானை, எருமை, மீன், அன்னம், மலர் கொய்யும் பவ்வியர் யாவும் ஒரே நீரில். இது சமவசரணத்தைச் சார்ந்த காட்சி என்பர் அறிஞர். அச்சபையில் பகவானின் திவ்யத்வனி ஒவ்வோர் உயிருக்கும் அதனதன் மொழியில் விளங்கும் என்பதை நம் இல்லங்களில் சிறுவரும் அறிவர்.

ஆசிரியப் பயிற்சி மாணவியருக்கு நான் போதித்த சமத்துவமோ, குழந்தைகளை ஒரே வரிசையில் அமர்த்துவதோடு நின்றது. ஒருமுறை மழலையர் வகுப்பில் நரிக்குறவர் குழந்தையொன்று வாய் திறவாதிருக்கக் கண்டு, 'மந்தம்' எனக் குறிப்பேட்டில் எழுதினேன். எழுதியது நானே. வீட்டில் அது பேசுவது வாக்ரிபோலி என்று வினவி அறியவில்லை.

2009ஆம் ஆண்டுக் கல்வியுரிமைச் சட்டம், இயன்றவரை தாய்மொழியிலேயே கற்பிக்கச் சொல்கிறது. எனினும் அவ்வுரிமை ஆறு வயதில்தான் தொடங்குகிறது. குழந்தை ஊமையாவது அதற்கு முன்னரே.

இன்று என்னிடம் யோசனை கேட்கும் அங்கன்வாடிப் பெண்களிடம், அக்குழந்தையின் தாயிடமிருந்து முதலில் பத்துச் சொற்களைக் கற்று வருமாறு கூறுகிறேன்: தண்ணீர், பசி, வலி, பயம்...