குறைகிற எண்ணெய் எங்கே போகிறது?

அம்பத்தூர் எஸ்டேட்டில் மின்சார மோட்டார் சைக்கிள் பழுதுபார்க்கும் சகோதரர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "பாஸ்டர், பிரேக் ஆயில் தானா ஆவியாகிப் போகாதுங்க. குறைஞ்சா ரெண்டே காரணம். பேட் தேய்ஞ்சிருக்கும், இல்லேன்னா எங்கேயோ ஒழுகுது. இந்த வண்டியில மோட்டாரும் வேகத்தைக் குறைக்கிறதால பேட் மெதுவாத்தான் தேயும். பேட் கனமா இருந்தும் ஆயில் குறைஞ்சா, ஹோஸ் மூட்டு, காலிப்பர் சீல், மாஸ்டர் சிலிண்டர் எல்லாத்தையும் துடைச்சுட்டு லீவரை அழுத்திப் பாருங்க. ஈரம் காட்டிக்கொடுக்கும். பார்க்காம ஊத்திக்கிட்டே இருந்தா, ஒருநாள் பூந்தமல்லி ஹைரோட்டுல பிரேக் பிடிக்காது!"

ஞாயிறுதோறும் நிரம்பிப் போகிறோம், புதன்கிழமைக்குள் வற்றிவிடுகிறோம். ஏன்? பிறருக்காக உழைத்துத் தேய்ந்தீர்களானால் கலங்காதிருங்கள். தேயாமலே குறைகிறதா? அப்படியானால் நிரப்பும்படி கேட்குமுன், ஒழுகும் இடத்தைக் காட்டும்படி கேளுங்கள். அவர் காட்டுவார். ஆமென்!