தலைகளின் கணக்கு

ஆஸ்திரேலியாவில் கால்பந்து என்னும் ஒரே பெயருக்கு இரு ஆட்டங்கள் உரிமை கொண்டாடுகின்றன. மெல்போர்ன் ஆஸ்திரேலிய விதி ஆட்டத்தைப் போற்றுகிறது. சிட்னி ரக்பி லீகைப் போற்றுகிறது. எதற்கு மக்கள் அதிகம் என்பதே இரு தரப்பாரின் ஓயாத வழக்கு.

1970-இல் மெல்போர்னில் கார்ல்டனும் காலிங்வுட்டும் மோதிய இறுதியாட்டத்தை 1,21,696 பேர் கண்டனர். சிட்னியில் 1999-இல் நடந்த ரக்பி லீக் இறுதியாட்டத்துக்கு 1,07,999 பேர் திரண்டனர். பின்னர் வந்த இறுதியாட்டங்கள் அவ்வெண்களை எட்டவில்லை. அன்பு குறைந்ததாலா? அன்று. மெல்போர்னில் நின்று பார்த்த இடங்கள் இருக்கைகளாயின; 2000 ஒலிம்பிக்குக்குப் பின் சிட்னி அரங்கு சுருக்கப்பட்டது. கொள்ளைநோய் பரவிய 2020-இல் மெல்போர்ன் ஆட்டத்தின் இறுதிப் போட்டி பிரிஸ்பேனில் 29,707 பேர் முன்னிலையில் நடந்தது. கோப்பையின் மதிப்பு அதனால் குறைந்துவிடவில்லை.

வந்தவரின் அன்பை நாம் குறைத்து மதிக்கவில்லை. பிறரைத் தாழ்த்துவதற்காக அவர்தம் தலைகளை எண்ணும்போதே பிழை பிறக்கிறது.

ஹிஜ்ரி 8-இல் ஹுனைன் களத்துக்குச் சென்ற முஸ்லிம் படையினர் பன்னீராயிரவர். எண்ணிக்கையில் மனம் மயங்கியோர் முதலில் கண்டது சிதறலையே. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களுடன் நிலைத்து நின்றோர் சிலரே. அச்சிலரைச் சுற்றியே படை மீண்டும் திரண்டது. அல்லாஹ் வெற்றியை அருளினான்.

அதை அறிந்த நாமும் மீலாது விழா முடிந்ததும், “எத்தனை பேர் வந்தனர்?” என்றே கேட்கிறோம். வந்தவர் எதைப் பெற்றுத் திரும்பினர் என்று கேட்க என்று கற்போம்?