என் தம்பியின் பெயர்

என் தம்பியின் பெயர் அம்பேத்கர். போன தை மாதம் ஒருநாள் ராத்திரி சென்னையிலிருந்து போனில் கூப்பிட்டான். "ண்ணா, பேர மாத்திக்கலாம்னு இருக்கேன். கெஜட்டுல குடுத்தா ஆயிடும்ல?" மூன்று மாதத்தில் ஏழு வீடு பார்த்துவிட்டான். வாடகை, அட்வான்ஸ், தண்ணி வசதி எல்லாம் பேசி முடிகிறவரை ஒரு சிக்கலும் இல்லை. "தம்பி பேரு?" என்று கேட்கிறார்கள். சொன்னதும் ஊரிலிருந்து யாரோ சொந்தக்காரர் குடிவரப்போவது அவர்களுக்கு ஞாபகம் வந்துவிடுகிறது.

நான் மேடையில் பேசுகிறவன். கேட்கவா வேண்டும்? அரைமணி நேரம் பேசினேன். வரலாறு, அடையாளம், சுயமரியாதை என்று எல்லாம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான். "ஒனுக்கு இன்னாண்ணா, ஒன் பேர வெச்சி எவன் இன்னா கண்டுபுடிப்பான்?" எனக்கு ஆயா வைத்த பெயர். எந்தச் சாதிக்காரரும் தன் பிள்ளைக்கு வைக்கக்கூடிய சாமி பெயர். அந்தப் பெயரோடுதான் நான் எல்லா ஊரிலும் வீடு எடுத்தேன். வாயை மூடிக்கொண்டேன்.

அவன் பிறந்தது 1991இல், அம்பேத்கர் நூற்றாண்டு வருஷத்தில். அப்போது எங்கள் மாவட்டத்துக்கே வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம் என்றுதான் பெயர். சோளிங்கர் பக்கத்துச் சேரியில் அப்பா கொடி கட்டி, இனிப்பு கொடுத்து அந்தப் பெயரை வைத்தார். பிள்ளை ஆயுசுக்கும் தூக்கிச் சுமக்க வேண்டிய பெயரை, பிள்ளையைக் கேட்காமல் வைக்கிற உரிமை அப்பாவுக்கு இருந்ததா? இதுதான் கேள்வி. இதற்குப் பதில் தேட, அந்தப் பெயர் வந்த வழியைத் திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

மராட்டியத்தில் ஊர்ப்பெயரோடு 'கர்' சேர்த்தால் அந்த ஊர்க்காரர் என்று அர்த்தம். தெண்டுல்கர், மங்கேஷ்கர் எல்லாம் அப்படித்தான். பாபாசாகேப்பின் குடும்பப் பெயர் சக்பால். தகப்பனார் ராம்ஜி மாலோஜி சக்பால், ராணுவத்தில் சுபேதார். பூர்வீகம் கொங்கணத்து இரத்தினகிரி மாவட்டத்தில் அம்படவே என்கிற சின்னக் கிராமம். அம்படவே ஊர்க்காரர் என்பதால் அம்படவேகர். அதுதான் பள்ளிக்கூடத்தில் அம்பேத்கர் ஆகிவிட்டது. 1900 நவம்பர் 7 அன்று சதாரா பள்ளியின் பதிவேட்டில் 'பிவா ராம்ஜி அம்பேத்கர்' என்று எழுதப்பட்டது. அந்த நாளைத்தான் மராட்டிய அரசு 2017 முதல் மாணவர் தினமாக வைத்திருக்கிறது.

ஊர்க்காரர் என்ற சொல்லை நாம் சும்மா தாண்டிப் போக முடியாது. நம் பக்கத்தில் ஊர் என்றால் அது நாமில்லை. ஊர்க்காரங்க வேறு, சேரிக்காரங்க வேறு. மராட்டியத்திலும் மகர்வாடா ஊருக்கு வெளியேதான். தன்னை உள்ளே விடாத ஊரின் பெயரைத் தன் பெயராக எழுதிக்கொள்வதில் ஓர் உரிமைக் கோரிக்கை இருக்கிறது. ராம்ஜி அப்படி யோசித்து எழுதினாரோ இல்லையோ, எனக்கு அப்படித்தான் படுகிறது.

இந்தப் பெயரைச் சுற்றி ஒரு கதை உண்டு. தனஞ்செய் கீர் எழுதிய வாழ்க்கை வரலாறு முதல் நம் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டி வரை எல்லா இடத்திலும் அது உண்டு. அம்பேத்கர் என்று பெயர்கொண்ட பார்ப்பன ஆசிரியர் ஒருவர் பிள்ளைமேல் வைத்த பிரியத்தால் தன் பெயரையே அவனுக்குக் கொடுத்தார் என்பது கதை. அது ஊர்ப்பெயரிலிருந்து வந்ததுதான், ஆசிரியர் கொடுத்ததல்ல என்று மறுப்பவர்களும் உண்டு. உண்மை எதுவாகவும் இருக்கட்டும். கதை எதற்காகச் சொல்லப்படுகிறது என்பதுதான் என்னை உறுத்துகிறது. "பாத்தியா, அந்தப் பேரே நாங்க போட்ட பிச்சை" என்று சொல்லத்தானே? சதாராப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பையன் உட்கார வீட்டிலிருந்து ஒரு கோணித்துண்டைக் கொண்டுபோய், சாயங்காலம் திரும்ப எடுத்துவர வேண்டியிருந்தது. தாகம் எடுத்தால் பியூன் வந்து குழாயைத் திறந்துவிட வேண்டும். பியூன் வராத நாளில் தண்ணீர் கிடையாது. அவரே எழுதி வைத்திருக்கிறார். பெயர் கொடுத்த பள்ளிக்கூடம் குழாயைக் கொடுக்கவில்லை.

ஆனாலும் அந்தக் கதையை ஒரேயடியாகத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. இன்னொரு பெயரும் நமக்குக் கொடுக்கப்பட்டதே, அரிஜன் என்று! 1938இல் பம்பாய்ச் சட்டமன்றத்தில் அந்தச் சொல்லை மசோதாவில் நுழைத்தபோது அம்பேத்கர் தன் கட்சியினரோடு வெளிநடப்புச் செய்தார். ஒரு பெயரைக் கடைசிவரை வைத்துக்கொண்டவர், இன்னொன்றை ஏன் தூக்கி எறிந்தார்? ஆசிரியர் கதை உண்மையென்றால், அவர் கொடுத்தது தான் உடுத்தியிருந்த பெயரை. யாராவது அந்தப் பையனைத் தன் வீட்டுப் பிள்ளை என்று நினைத்துக்கொள்ளட்டும் என்று விட்டார். அரிஜன் அப்படியா? காந்தி தன்னை விரும்பி அரிஜனானவன் என்று சொல்லிக்கொண்டது உண்டுதான். ஆனால் அவர் பின்னால் போன எந்த அக்ரகாரமாவது, எந்த வணிகத் தெருவாவது அந்தப் பெயரைத் தன் வாசலில் எழுதிக்கொண்டதா? தான் போட்டுக்கொள்ளாத சட்டையை அடுத்தவனுக்குத் தைத்துக் கொடுப்பது அது. மனு சூத்திரனுக்கு இழிவான பெயர் வை என்றான். இவர்கள் கடவுளின் பெயரைப் போட்டு அதே வேலையைச் செய்தார்கள். மண்ணாங்கட்டி, குப்பன், பிச்சை என்று எங்கள் தாத்தாமார் காலத்துப் பெயர்களை நினைத்துக்கொள்கிறேன். (பிள்ளை தங்காத வீட்டில் எல்லாச் சாதியிலும் அப்படி வைப்பதுண்டு என்று தமிழ் வகுப்பில் சொன்னார்கள். சரிதான். எங்கள் தெருவில் மட்டும் எல்லா வீட்டிலும் பிள்ளை தங்கவில்லை போலிருக்கிறது.)

தம்பிக்கு நான் சொல்லியிருக்க வேண்டியதும், சொல்லாமல் விட்டதும் ஒன்று உண்டு. அம்பேத்கரே பெயரை மறைத்திருக்கிறார். வெளிநாட்டில் படித்துத் திரும்பி பரோடா சமஸ்தானத்து வேலைக்குப் போனபோது தங்க இடமில்லை. பார்சி விடுதியில் பார்சிப் பெயர் எழுதித் தங்கினார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்றார்கள். வெளியேறினார். கொலம்பியாவில் படித்த மனிதருக்கு நடந்தது இது. அதை அவர் மறைக்கவுமில்லை, பெருமையாகச் சொல்லவுமில்லை, நடந்ததை நடந்தபடி எழுதினார். அந்தப் பத்து நாளுக்காக யார் அவரைக் கோழை என்பது? அப்படியிருக்க என் தம்பியை நான் என்ன சொல்ல? வெயில் தாங்காமல் நிழலுக்கு ஒதுங்குகிறவனைத் துரோகி என்று சொல்ல, நிழலிலேயே உட்கார்ந்திருக்கிற எனக்கு வாயில்லை.

ஆனால் அப்பாவின் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது. குடும்பப் பெயர் என்பது ரத்தத்தில் இறங்குவது. தகப்பன் மகனுக்குச் சொத்தோடு சேர்த்து எழுதி வைப்பது. சாதியும் அப்படியே இறங்குகிறது. மராட்டியத்தில் ஏதோ சில வீடுகளுக்கு மட்டுமே உரியதாக இருந்த ஒரு பெயர் தமிழ்நாட்டில் சேரிதோறும் முதல் பெயரானது. ரத்தத்தில் இறங்காமல், பிறப்புக்குச் சம்பந்தமில்லாமல் ஒரு குடும்பப் பெயர் பரவிய விநோதத்தை வேறெங்கே பார்க்க முடியும்? யாரும் கொடுக்காமல், யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்ட பெயர். மராட்டியத்தில் 'கர்' சாதியைச் சொல்லாது. எந்தச் சாதியிலும் உண்டு. இங்கே வந்ததும் அந்தப் பெயர் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. அப்பாவுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் வைத்தார்.

இந்தப் பெயருக்கு ஊர் கொடுத்த விலையும் கொஞ்சமில்லை. 1978இல் மராத்வாடா பல்கலைக்கழகத்துக்கு இந்தப் பெயர் வைக்கத் தீர்மானம் போட்டதும் சேரிகள் எரிந்தன. 1994 சனவரி 14இல்தான், அதுவும் மராத்வாடாவை விடாமல் ஒட்டவைத்து, பெயர் வந்தது. ஆந்திரத்தில் கோனசீமா மாவட்டத்துக்கு வைக்கப்போகிறார்கள் என்றதும் 2022 மே 24இல் அமலாபுரத்தில் அமைச்சர் வீட்டையே கொளுத்தினார்கள். இங்கே 1997இல் தலித் வீரர் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் என்றதும் தென்மாவட்டங்களில் கலவரம். அதைச் சாக்கிட்டு எல்லாத் தலைவர் பெயரையும் மாவட்டங்களிலிருந்து அரசு எடுத்துவிட்டது. எங்கள் மாவட்டம் வெறும் வேலூர் ஆனது. அப்போது தம்பிக்கு ஆறு வயசு. மாவட்டத்திலிருந்து உருவப்பட்ட பெயர் அவனிடம் அப்படியே இருந்தது. அவன் நோட்டுப் புத்தகத்து லேபிளிலிருந்து எடுக்க எந்த அரசாங்கத்துக்கும் முடியவில்லை.

கெஜட் விஷயத்தை அவன் பிறகு பேசவில்லை. நானும் கேட்கவில்லை. எட்டாவது வீடு கிடைத்தது. வீட்டுக்காரர் கிறிஸ்தவர். பெயரைக் கேட்டுவிட்டு சட்ட அமைச்சராக இருந்தவர் பேராச்சே என்றாராம். வாடகை ஐந்நூறு கூட.

போன மாதம் துபாய் வேலை விஷயமாக மகளுக்குப் பாஸ்போர்ட் எடுக்கப் போனார்கள். பாப்பாவுக்கு அவன் யாழினி என்று வைத்திருக்கிறான். என்னைப்போலவே, யாரும் எதுவும் கண்டுபிடிக்க முடியாத பெயர். நான் ஒன்றும் சொல்லவில்லை. பாரத்தில் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம். நமக்கு ஏது அது? எல்லாரும் செய்கிறபடி தகப்பன் பெயரை எழுதினான். யாழினி அம்பேத்கர். கவுண்டரில் இருந்த அம்மா திரையைப் பார்த்துவிட்டு நிமிர்ந்து, "நீங்க மகாராஷ்டிராவா சார்?" என்று கேட்டிருக்கிறார்.

"இல்ல மேடம்," என்றானாம் தம்பி, "சோளிங்கர்."