கொடுத்த கையும் தடுத்த கையும்

சேத்துப்பட்டில் கடல் இல்லை. ஏரி உண்டு, குன்று உண்டு, தறி உண்டு. கடல் எங்களுக்கு உப்பாக வரும், கருவாடாக வரும், நாளேட்டிலே செய்தியாக வரும். அலையோசை அறியாத ஊர். தறியோசை கேட்டு விழிக்கும் ஊர். ஆரணிப் பட்டுக்குப் பேர்போன வட்டாரத்திலே இருந்துகொண்டு கடலைப் பற்றி எழுத இவனுக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எழுத வைத்தவன் எட்டாம் வகுப்பு மாணவன் ஒருவன், நெசவாளியின் மகன்.

ஜூன் மாதம், பள்ளி திறந்த புதிது. அறுபத்தொரு நாள் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கடலேறின என்ற செய்தியை வகுப்பிலே படித்துக் காட்டினேன். மீன்கள் இனம் பெருக்கட்டும் என்பதற்காக ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை நம் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை என்று விளக்கினேன். அந்நாட்களில் மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது, அதை 8000 ரூபாயாக உயர்த்துவதாக 2023இல் அறிவித்தார்கள் என்றும் சொன்னேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். விசைப்படகு வாங்கவும் முன்னாளில் அரசே உதவிற்று என்று ஒரு சொல்லைக் கூடுதலாகச் சேர்த்தேன். அந்தச் சொல்தான் வினையாயிற்று.

பையன் எழுந்தான். "ஐயா, ஓட்டு என்று பணம் கொடுத்ததும் அரசு, ஓட்டாதே என்று பணம் கொடுப்பதும் அரசு. அப்படியென்றால் தப்பு யார் மேல்?"

மணி அடித்தது. ஆசிரியன் தப்பினான். கேள்வி தப்பவிடவில்லை.

எண்ணிப் பாருங்கள், கேள்வி சிறியதா? தீமையைச் செய்தவன் குற்றவாளி, அது தெளிவு. தீமைக்கு முதல் போட்டவன்? கருவி வாங்கிக் கொடுத்து அனுப்பியவன்? அனுப்பியவனே பின்னர் நீதிபதியின் நாற்காலியிலும் ஏறி அமர்ந்துகொண்டால்? வள்ளுவர் புலாலைப் பற்றிப் பேசும்போது, கத்தி பிடித்த கையோடு நிற்கவில்லை. காசு பிடித்த கையைத் திரும்பிப் பார்த்தார். வாங்குவோர் உள்ளதால்தான் விற்போர் உளர் என்பது அவர் வாதம். நாம் அதை மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கிவிடுகிறோம். காசு பிடித்த கை அரசாங்கத்தின் கையாக இருக்கும்போது மட்டும் அந்தக் குறள் நம் நினைவுக்கு வருவதில்லை!

அரசாங்கமே பொருள் கொடுத்துக் கடலிலே வேட்டையாடச் சொன்ன கதை நம் நாட்டிலே பிறந்ததன்று. அதன் மூத்த கதையை முதலில் பார்த்துவிட்டு நம் கரைக்குத் திரும்புவோம்.

பதினெட்டாம் நூற்றாண்டு. விளக்கெரிக்க எண்ணெய் வேண்டும், சவுக்காரம் காய்ச்ச எண்ணெய் வேண்டும்; எண்ணெயோ திமிங்கலத்தின் கொழுப்பிலே இருந்தது. வடகடலில் டச்சுக்காரர் வேட்டையாடிக் கொழித்தனர். பொறுக்குமா பிரிட்டிஷ் அரசுக்கு? 1733இல் ஆணை பிறந்தது: 200 டன்னுக்கு மேற்பட்ட கப்பலைத் திமிங்கல வேட்டைக்கு அனுப்புவோருக்கு டன்னுக்கு 20 ஷில்லிங் வெகுமதி. எதிர்பார்த்த அளவு கப்பல்கள் கிளம்பவில்லை. 1749இல் அதை 40 ஷில்லிங் ஆக்கினார்கள். கிளம்பின கப்பல்கள், கூட்டங்கூட்டமாக!

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். வெகுமதி பிடித்த திமிங்கலத்துக்கு அன்று. புறப்பட்ட கப்பலின் பருமனுக்கு. வெறுங்கையோடு திரும்பினாலும் பணம் உண்டு. ஹெர்ரிங் மீன்பிடிப்புக்கும் இதேபோல் வெகுமதி தந்தபோது, கப்பல்கள் மீனைப் பிடிக்கப் போகவில்லை, வெகுமதியைப் பிடிக்கப் போகின்றன என்ற பொருள்பட ஆடம் ஸ்மித் குறை கூறினார். அறிஞர் குறை கூறினால் அரசு கேட்டுவிடுமா? திமிங்கல வெகுமதி 1824 வரை நீடித்தது.

அடுத்த அங்கம் நார்வேயில். ஸ்வெண்ட் போய்ன் என்பவர் நுனியிலே வெடிகுண்டு வைத்த ஈட்டியைப் பீரங்கியால் எய்யும் முறையை 1870 அளவில் நிலைநாட்டினார். நீராவிக் கப்பலும் அந்தப் பீரங்கியும் சேர்ந்தபின், அதுவரை வேகத்தால் தப்பிவந்த நீலத் திமிங்கலமும் தப்ப முடியவில்லை. 1930-31ஆம் ஆண்டுப் பருவம் ஒன்றில் மட்டும் தென்துருவக் கடலில் கொல்லப்பட்ட நீலத் திமிங்கலங்கள் 29,000க்கு மேல். உலகில் தோன்றிய உயிர்களிலேயே பெரிது அது. சவுக்காரமாகவும் செயற்கை வெண்ணெயாகவும் போயிற்று.

பிறகு வந்தது தடுக்கும் கை. 1946இல் வாஷிங்டனில் ஒப்பந்தம், அதன்வழி ஓர் ஆணையம். அந்த ஆணையம் எப்படி அளந்தது தெரியுமா? 'நீலத் திமிங்கல அலகு' என்று ஒரு கணக்கு. ஒரு நீலத் திமிங்கலம் ஓர் அலகு. துடுப்புத் திமிங்கலம் இரண்டு சேர்ந்தால் ஓர் அலகு. கூன்முதுகுத் திமிங்கலம் இரண்டரை. சேய் திமிங்கலம் ஆறு. தென்துருவக் கடலுக்கு ஆண்டுக்கு 16,000 அலகு. இன்ன இனம் இவ்வளவு என்று பிரிக்கவில்லை. இன்ன நாட்டுக்கு இவ்வளவு என்றும் பிரிக்கவில்லை. முந்தினவனுக்கு முந்தியது! உயிரினத்தைக் காக்க எழுதிய கணக்கை, எண்ணெய் மண்டி முதலாளியின் கணக்குப்பிள்ளை எழுதியிருந்தாலும் இப்படித்தான் எழுதியிருப்பான். அரைத் திமிங்கலம் கடலில் எங்கே நீந்துகிறது?

கப்பலிலே இருந்த கண்காணிப்பாளரும் அந்தந்த நாட்டு அரசின் ஆள். விளைவு? சோவியத் கப்பல்கள் ஆண்டுக்கணக்கில் பொய்க்கணக்கு எழுதிவந்தன என்பது 1993இல் தான் வெளியாயிற்று. 1982இல் ஆணையம் வணிக வேட்டையை நிறுத்த முடிவு செய்து, 1986 அளவில் அது நடைமுறைக்கு வந்தபோது, தடுப்பதற்கு மிஞ்சியிருந்தது கொஞ்சமே. அதற்கும் கட்டுப்படாமல் 1993இல் நார்வே வேட்டையை மீண்டும் தொடங்கிற்று. 2019இல் ஜப்பான் ஆணையத்தைவிட்டே வெளியேறிற்று.

வெகுமதி கொடுத்தவர்களில் எவராவது குற்றக் கூண்டில் நின்றார்களா? இல்லை.

இனி நம் கரை. நார்வேயிலிருந்து நாமும் ஒன்று பெற்றோம். திமிங்கலப் பீரங்கி அன்று, மீன்பிடி விசைப்படகு. 1952 அக்டோபரில் ஐக்கிய நாடுகள் அவையும் நார்வேயும் இந்தியாவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி, 1953இல் கொல்லத்துக்கு அருகே நீண்டகரையில் வேலை தொடங்கிற்று. நோக்கம் கெட்டதா? அன்று, அன்று. கட்டுமரத்தில் உயிரைப் பணயம் வைத்தவனுக்கு எஞ்சின் வேண்டும், அவன் குழந்தைக்குப் பள்ளியும் மருந்தும் வேண்டும் என்று எண்ணியவர்களை நான் பழிக்க மாட்டேன். சென்னை மாநிலத்திலும் ஐந்தாண்டுத் திட்டங்களின்கீழ் விசைப்படகுகளை மானியமும் தவணையும் கொடுத்து வழங்கினார்கள். அமெரிக்காவும் ஜப்பானும் இறாலுக்கு விலை சொன்னதும் படகுகள் இழுவைமடிக்கு மாறின. கரையிலே கால் நனைக்காதவனும் படகு முதலாளி ஆனான்.

நெசவாளர் ஊர்க்காரன் என்பதால் 1953 என்ற ஆண்டு என்னை உறுத்துகிறது. அதே 1953இல்தான் ஆலைத்துணியின்மேல் கூடுதல் தீர்வை போட்டு, அந்தப் பணத்தைக் கைத்தறிக்குத் தருவதற்கு இந்திய அரசு சட்டம் செய்தது. தேங்கிக் கிடந்த கைத்தறித் துணியைத் தோளிலே சுமந்து அறிஞர் அண்ணா திருச்சித் தெருக்களில் விற்ற ஆண்டும் அதுவே. நிலத்திலே எந்திரத்துக்கு வரி, கைக்கு உதவி. நீரிலே எந்திரத்துக்கு உதவி, கைக்கு? ஒரே அரசு, ஒரே ஆண்டு, இரண்டு நீதி! நெசவாளிக்குத் தந்த உதவி போதுமானதாக இருந்தது என்று சொல்ல வரவில்லை. ஆரணிப் பக்கம் வந்து கேட்டால் தெரியும். ஆனால் மெலிந்தவன் பக்கம் அரசு நிற்க வேண்டும் என்ற எண்ணமாவது அந்தச் சட்டத்திலே இருந்தது. கட்டுமரக்காரனுக்கு அந்த எண்ணமும் கிட்டவில்லை.

இழுவைமடி என்ன செய்கிறது? கடலின் அடித்தரையைத் துடைத்து வருகிறது. இறாலோடு குஞ்சும் முட்டையும் சங்கும் பாசியும் வருகின்றன. விலைபோகாதது மீண்டும் கடலிலே வீசப்படுகிறது, பிணமாக. வழியிலே கட்டுமரக்காரன் விரித்த வலை இருந்தால் அதுவும் கிழிகிறது. வலை கிழிந்தவன் சும்மா இருப்பானா? 1970களின் இறுதியில் நம் கரையெங்கும் மோதல்கள். படகுகள் எரிந்தன, உயிர்களும் போயின. மீனவனும் மீனவனும் அடித்துக்கொண்டான். எண்ணெய் ஊற்றியவர் கோட்டையிலே இருந்தார்.

அதன் பின்னரே 1983இல் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல் தூரம் விசைப்படகுக்கு ஆகாது என்றது அது. பாக் நீரிணையில் வாரத்துக்கு மூன்று நாள் விசைப்படகுக்கு, நான்கு நாள் நாட்டுப்படகுக்கு என்று முறை வைத்தார்கள். 2000இல் இரட்டைமடிக்கும் சுருக்குமடிக்கும் தடை. 2001 முதல் 45 நாள் தடைக்காலம். 2017இல் அது 61 நாள் ஆயிற்று. விதி மேல் விதி! ஆனால் அதே கோட்டையிலிருந்து வரிவிலக்கு டீசலும் வருகிறது. விசைப்படகு ஒன்றுக்கு ஆண்டுக்கு 18,000 லிட்டர் என்றிருந்ததை 19,000 ஆக்குவதாக 2023இல் அறிவித்தார்கள். நாட்டுப்படகுக்கு 4000 இருந்தது 4400 ஆகும். வலக்கை பிரேக்கை அழுத்துகிறது. இடக்கை எண்ணெய் ஊற்றுகிறது.

அறியாமல் கொடுத்தது ஒன்று, அறிந்தும் கொடுப்பது வேறொன்று என்பேன். 1953இல் கொடுத்தவரை மன்னிக்கலாம். கடலுக்கு எல்லை உண்டு என்று அன்று பலரும் எண்ணவில்லை. கரையிலே தீ எரிந்ததைக் கண்டபின் கொடுத்தவருக்கு அந்த மன்னிப்பு இல்லை. திமிங்கலக் கதையை உலகம் அதற்குள் படித்து முடித்திருந்தது.

அப்படியானால் படகுக்காரன் குற்றமற்றவனா? 'சர்க்கார் கொடுத்தது, ஓட்டினேன்' என்று அவன் கையைக் கழுவிக்கொள்ளலாமா? இங்கேதான் என் நெஞ்சு இடறுகிறது. 2009இல் போர் ஓய்ந்தபின் யாழ்ப்பாணத்து மீனவன் பல்லாண்டு கழித்துத் தன் கடலிலே வலை விரித்தான். சிறு படகு, கடன் வாங்கிய வலை. இரவிலே நம் இழுவைப் படகு அவன் பக்கம் போய் அந்த வலையை அறுத்து வந்தது. அறுத்தவனும் தமிழன், அறுபட்டவனும் தமிழன்! 'தொப்புள்கொடி உறவு' என்று மேடையிலே முழங்கும் நாம் இந்த இடத்திலே மட்டும் தொண்டையைச் செருமிக்கொள்கிறோம். இலங்கைக் கடற்படை நம் மீனவரைச் சுட்டதும் சிறையிட்டதும் கொடுமை. அதைக் கண்டிக்கும் வாய் இதையும் சொல்ல வேண்டும். 2017இல் இலங்கை அரசு இழுவைமடியைச் சட்டத்தால் தடுத்தபோது, அதைக் கேட்டுப் போராடியவர்களில் வடபுலத்துத் தமிழ் மீனவர் இருந்தனர்.

குற்றம் கைமாறும் பண்டமன்று. கொடுத்தவனுக்கும் பங்கு உண்டு என்பதால் செய்தவனின் பங்கு குறைந்துவிடாது. ஆனால் தண்டனை முழுவதையும் ஒருவன் தலையிலே கட்டிவிட்டு மற்றவன் தண்டனைச் சீட்டு எழுதிக்கொண்டிருப்பது எந்த அறம்? கொடுத்தவனின் பங்கு என்பது வருந்துவதன்று, திரும்ப வாங்கிக்கொள்வது. படகைத் திரும்ப வாங்கு, வேறு தொழிலுக்கு வழி திற, அதன்பின் தண்டி.

2010இல் சென்னையிலே இரு கரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசியபோது, ஓராண்டுக்குள் இழுவையைக் கைவிடுகிறோம் என்று நம்மவர் ஒப்பினார்கள் அல்லவா? மனம் இருந்தது. மாற்றத்துக்கு முதல் போட அன்று கை நீளவில்லை. 2017இல் தான் ஒரு திட்டம் வந்தது: பாக் நீரிணையின் இழுவைப் படகுகளில் 2000ஐ மூன்றாண்டில் ஆழ்கடல் சூரைமீன் படகுகளாக மாற்றுவது. படகு ஒன்று 80 இலட்சம் ரூபாய். மத்திய அரசு பாதி, மாநில அரசு ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாண்டு எப்போதோ கடந்தது. இலக்கின் அருகிலும் போகவில்லை.

மறுவாரம் இவ்வளவையும் வகுப்பிலே சொன்னேன், பிள்ளைகளுக்கு விளங்கும் அளவுக்கு. கேள்வி கேட்டவன் பேசாமல் இருந்தான். இம்முறை நான் கேட்டேன்: "ஏன் 2000 படகும் மாறவில்லை, சொல் பார்க்கலாம்." எழுந்து கரும்பலகைக்கு வந்தான். 80 இலட்சம் என்று எழுதினான். அரசுகளின் எழுபது விழுக்காட்டைக் கழித்தான். கையிலிருந்து பத்து விழுக்காடு, 8 இலட்சம். வங்கிக் கடன் இருபது விழுக்காடு, 16 இலட்சம். கூட்டினான். 24 இலட்சம்.

சுண்ணாம்புக் கட்டியைக் கையிலே வைத்துக்கொண்டு அந்த எண்ணையே பார்த்தான். "ஐயா, எங்கள் தெரு முழுக்கத் தறியை விற்றாலும் இவ்வளவு வராதே" என்றான்.