பொறுப்பாளர் என்றால் ஆடு மேய்ப்பவர்

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் முஹம்மத் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள் மீதும் உண்டாவதாக. அம்மா பஃது.

அல்லாஹ்வின் நல்லடியார்களே!

இந்த ஸஃபுகளில் அரியலூர் சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடித்து வந்தவரும் இருக்கிறார், பெரம்பலூரில் கடை வைத்து நாலு பேருக்குச் சம்பளம் கொடுப்பவரும் இருக்கிறார், சவுதியிலிருந்து விடுப்பில் வந்தவரும் இருக்கிறார். தொழுகையில் தோளோடு தோள் நிற்கிறோம். நாளைக் காலை வேலைக்குப் போனதும் ஒருவர் மேலே, ஒருவர் கீழே. அங்கே நாம் எப்படி நடக்கிறோம் என்பதே இன்றைய பேச்சு.

நீங்கள் ஒவ்வொருவரும் பொறுப்பாளரே, உங்கள் பொறுப்பில் உள்ளவர்களைப் பற்றி நீங்கள் விசாரிக்கப்படுவீர்கள் என்ற கருத்தில் புகாரியிலும் முஸ்லிமிலும் வரும் ஹதீஸை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். "பொறுப்பாளர்" என்று நாம் சொல்லும் இடத்தில் நபி (ஸல்) அவர்கள் சொன்ன சொல் "ராயீ". அதன் நேர்ப் பொருள் ஆடு மேய்ப்பவர்.

அறுவடை முடிந்த கொல்லையில் கிடை போடுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். நொண்டுகிற ஆட்டுக்காக நடையைக் குறைப்பார். அன்று பிறந்த குட்டியைத் தோளில் தூக்கிக்கொள்வார். ஒன்று குறைந்தால், "அதுவாகப் போய்விட்டது" என்று ஆட்டின் சொந்தக்காரரிடம் சொல்ல முடியாது. காரணம், மந்தை அவருடையதல்ல. நம்மிடம் வேலை செய்பவர்களும் நம்முடையவர்கள் அல்லர். அவர்கள் அல்லாஹ்வின் அடியார்கள். நம்மிடம் அமானிதமாகத் தரப்பட்டவர்கள்.

மேய்ப்பவர்களில் மோசமானவர்

ஆயித் இப்னு அம்ர் (ரலி) என்ற நபித்தோழர், கொடுமைக்காரரான ஆளுநர் உபைதுல்லாஹ் இப்னு ஸியாதிடம் நேரில் போனார்கள். மேய்ப்பவர்களிலேயே மோசமானவர் மந்தையை நொறுக்குகிறவர் என்று நபி (ஸல்) சொல்லக் கேட்டேன், அப்படிப்பட்டவராக ஆகிவிடாதே என்று மகனுக்குச் சொல்வதுபோல் சொன்னார்கள். ஆளுநர் கேட்டாரா? உட்கார் என்றார். நீ நபித்தோழர்களில் சலித்த பின் மிஞ்சும் தவிடு என்று இழிவாகப் பேசினார். அதற்கு அந்த ஸஹாபி, அவர்களில் தவிடு ஏது, தவிடெல்லாம் பின்னால் வந்தவர்களிடம்தான் என்று பதில் சொன்னார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி.

சொன்ன வார்த்தையை எடுத்துக்கொள்ளாமல் சொன்ன ஆளை மட்டம் தட்டுவது அன்றோடு போய்விட்டதா? "நீ நேத்து வந்தவன், நீ எனக்குச் சொல்றியா?" என்று எத்தனை முதலாளிகள், எத்தனை சூப்பர்வைசர்கள் கேட்கிறோம்!

நம் ஊர் விவசாயி சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடும்போது காற்று உள்ளே புகுந்து வர வழி விடுகிறார். இறுக்கி மூடினால் என்ன ஆகும்? வெளியே பார்க்க நன்றாக இருக்கும், உள்ளே அழுகிக்கொண்டிருக்கும். பணியாளர் வாய் திறக்க முடியாத கடையும் அப்படித்தான். தவறு நடப்பது கடைசியில்தான் தெரியும். நபியே கடுகடுப்பானவராக இருந்திருந்தால் மக்கள் விலகி ஓடியிருப்பார்கள் என்றும், அவர்களை மன்னித்து அவர்களோடு ஆலோசனை செய்யுமாறும் அல்லாஹ் சூரா ஆலு இம்ரானில் சொல்கிறான். வஹீ வந்த நபிக்கே ஆலோசனை கட்டளை என்றால், நாம் எம்மாத்திரம்?

நம் மண்ணில் நடந்தது

1956 நவம்பர் 23. அரியலூருக்கு அருகே மருதையாறு பெருக்கெடுத்த நேரத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் கவிழ்ந்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அவர் ரயிலை ஓட்டவில்லை, பாலத்தைக் கட்டவில்லை. ஆனாலும், "கீழே உள்ளவர்கள் செய்த தவறு" என்று கைகழுவாமல் தார்மீகப் பொறுப்பேற்றுப் பதவி விலகினார். அதே ஆண்டு மெஹபூப்நகர் விபத்தின்போதே அவர் விலக முன்வந்தார். பிரதமர் நேரு அப்போது ஏற்கவில்லை, இம்முறை ஏற்றார்.

முஸ்லிம் அல்லாத ஒருவர் மக்களுக்குப் பதில் சொல்லப் பயந்தார். மறுமையை நம்பும் நாம், நஷ்டம் வந்தால் முதலில் யார் தலையில் கட்டுகிறோம்? கடைப் பையன் தலையில்தானே!

தொழிலாளச் சகோதரரே, நீங்களும் இதிலிருந்து தப்பவில்லை. பணியாளரும் தன் எஜமானரின் பொருளுக்கு மேய்ப்பர்தான் என்று அதே ஹதீஸ் சொல்கிறது. முதலாளி கெட்டவர் என்பது நாம் வேலையில் ஏமாற்ற அனுமதி ஆகாது. உரிமையைக் கேளுங்கள், அமானிதத்தைக் கெடுக்காதீர்கள்.

பத்தாண்டுகள் பணிவிடை செய்த அனஸ் (ரலி) அவர்களை நபி (ஸல்) ஒருமுறைகூட "சீ" என்று சொன்னதில்லை. நாம் பத்து நாளாவது அப்படி இருந்திருக்கிறோமா?

இந்த வாரம் ஒன்று செய்வோம். யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் கேட்பதற்கு முன் கொடுப்போம். யாரையாவது நாலு பேர் முன்னால் திட்டியிருந்தால், நாலு பேர் முன்னாலேயே மன்னிப்புக் கேட்போம். மந்தையின் சொந்தக்காரன் எண்ணிப் பார்க்கும் நாள் வருகிறது.

வல்ல ரஹ்மான் நம் பொறுப்பில் உள்ளவர்களிடம் மென்மையாக நடக்க நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன். வஆகிரு தஃவானா அனில் ஹம்துலில்லாஹி ரப்பில் ஆலமீன்.